வளையத்தின் இடம்

தூண்டில் தடி வாங்க வருகிறவர் முதலில் அதன் நீளத்தைப் பார்ப்பார். பிறகு ஆட்டி, எடையையும் வளைவையும் பார்ப்பார். தடியின் உடலில் வரிசையாக நிற்கும் சிறு வளையங்கள் கடைசியாகத்தான் கண்ணில் படும். ஆனால் நூலும் தடியும் ஒன்றையொன்று தொடுவது அந்த வளையங்களில் மட்டுமே. மீன் இழுக்கும் விசை அவற்றின் வழியாகத்தான் தடிக்குள் இறங்குகிறது. எறியும்போது நூல் பறப்பதும் அவற்றின் வழியாகத்தான். அவை தவறான இடத்தில் நின்றால், விலையுயர்ந்த கார்பன் தடியும் பாதித் திறனோடுதான் வேலை செய்யும்.

தூண்டில்காரர்கள் இவற்றைக் கைடு என்கிறார்கள். ஒரு கைடில் மூன்று பகுதிகள் உண்டு: தடியோடு சேர்த்துக் கட்டும் கால், உயர்ந்து நிற்கும் உலோகச் சட்டம், அதனுள் பதித்த பீங்கான் வளையம். தன் தடியைத் தானே கட்ட முனைகிறவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எத்தனை கைடு? எந்த அளவில்? எந்த இடத்தில்? இதற்கு ஆயத்த அட்டவணைகள் உண்டு. அவை தொடங்குவதற்கு உதவும். முடிவு சொல்ல அவற்றால் முடியாது. முடிவைச் சொல்ல வேண்டியது வளைந்து நிற்கும் தடியும் ஓடிப் பார்த்த நூலும்தான். ஏன் அப்படி என்பதை இயற்பியல் தெளிவாகக் காட்டுகிறது.

கைடு ஏன் தேவைப்பட்டது

பழைய மூங்கில் தூண்டிலில் கைடு கிடையாது. நூலைத் தடியின் நுனியில் கட்டினால் போதும். ஜப்பானின் மலையோடைகளில் டென்காரா முறையில் மீன் பிடிப்பவர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அதன் எல்லை வெளிப்படை: தடியும் நூலும் எட்டும் தொலைவுக்கு அப்பால் மீன் பிடிக்க முடியாது, பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நூல் இருக்காது.

ரீல் வந்ததும் அந்த எல்லை உடைந்தது. சீன ஓவியர் மா யுவான் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த ஓவியத்தில், பனிக்கால ஏரியில் படகில் அமர்ந்திருப்பவரின் தடியில் ரீல் இருக்கிறது. ரீல் கைப்பிடியருகே இருக்கிறது. மீன் நுனிக்கு அப்பால் இருக்கிறது. இடையில் நூல் தடியோடு சேர்ந்து போக வேண்டும். அதற்காக வந்தவைதான் கைடுகள்.

1905இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தைச் சேர்ந்த ஹோல்டன் இல்லிங்வொர்த் ஒரு புதிய ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் நெசவுத் தொழில் சார்ந்தவர். ஆலையில் நூற்கண்டு அசையாமல் நிற்க, அதன் விளிம்பைத் தாண்டி நூல் சுருள்சுருளாகக் கழன்று வரும். அதே அமைப்பை ரீலுக்குக் கொண்டுவந்தார். நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழலாததால் லேசான தூண்டிலிரையையும் தொலைவுக்கு எறிய முடிந்தது. இன்றைய ஸ்பின்னிங் ரீல்களின் அடிப்படை அதுதான். கூடவே கைடுகளுக்கு ஒரு புதிய வேலையும் வந்து சேர்ந்தது: சுழன்று வரும் நூலை அடக்கி நேராக்குவது.

ஆக, கைடுகளின் முன் மூன்று கோரிக்கைகள் நிற்கின்றன. வளைந்த தடியின் மீது சுமையைப் பங்கிட வேண்டும்; தடிக்குப் பாரமாக இருக்கக் கூடாது; நூலின் ஓட்டத்தைத் தடுக்காமல் அடக்க வேண்டும். முதல் கோரிக்கை நிறைய கைடு கேட்கிறது. இரண்டாவது குறைவான, சிறிய கைடு கேட்கிறது. மூன்றாவது, ரீலருகே பெரிதும் நுனியருகே சிறிதுமாகக் கேட்கிறது.

உராய்வின் கணக்கு

படகைக் கரையில் கட்டுகிறவர், கயிற்றைக் கட்டைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பெரிய படகை நிறுத்திவிடுவார். கயிறு தூணைச் சுற்றும் கோணம் கூடக் கூட, பிடிமானம் பல மடங்காகப் பெருகுகிறது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணிதமேதை ஆய்லரின் பெயரோடும் ஐடெல்வைனின் பெயரோடும் வழங்கும் சமன்பாடு இதை விளக்குகிறது: இரு முனைகளின் இழுவிசைகளுக்கு இடையிலான விகிதம், உராய்வுக் கெழுவையும் மொத்தத் திரும்பு கோணத்தையும் மட்டுமே சார்ந்தது.

கைடுக்குள் ஓடும் நூலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. கையில் ஒரு 8 அடி ஸ்பின்னிங் தடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழிமுகத்தில் கொடுவா பிடிக்க ஏற்ற தடி. மீன் மாட்டியிருக்கிறது, ரீலிலிருந்து புறப்படும் நூல் நுனியை விட்டு வெளியேறும்போது மொத்தம் 90 பாகை திரும்பியிருக்கிறது. மீன் இழுக்கும்போது நூலை நழுவவிடும் ரீலின் டிராக்கை 2 கிலோவில் நழுவும்படி வைத்திருக்கிறோம். வளையத்துக்கும் நூலுக்கும் இடையே உராய்வுக் கெழு 0.1 என்றால், மீன் உணரும் இழுவை 2.34 கிலோ. வளையம் தேய்ந்து சொரசொரப்பாகி, கெழு 0.3 ஆகிவிட்டால், அதே மீன் 3.2 கிலோவை உணரும். டிராக்கில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் 3 கிலோ தாங்கும் நூல் அங்கே அறுந்துவிடும். மீன் திடீரென்று ஓடத் தொடங்கினால் தடியைத் தாழ்த்து என்று அனுபவசாலிகள் சொல்வதும் இதனால்தான். தடி தாழ்ந்தால் திரும்பு கோணம் குறையும். டிராக்கைத் தொடாமலே இழுவை தளரும்.

இந்தச் சமன்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைடுகளின் எண்ணிக்கை அதில் இல்லை. 90 பாகையை மூன்று கைடுகள் பகிர்ந்தாலும் பத்து கைடுகள் பகிர்ந்தாலும், வளைந்த தடியில் மொத்த உராய்வு ஏறத்தாழ அதேதான். கைடு கூடினால் உராய்வு கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மீனோடு போராடும் நிலையில் அது சரியல்ல.

எண்ணிக்கையால் மாறுவது, ஒவ்வொரு கைடும் தாங்கும் பாரம். 90 பாகையை மூன்று கைடுகள் சமமாகப் பகிர்ந்தால், ஒவ்வொன்றிலும் நூல் 30 பாகை திரும்பும். நூலின் இழுவிசையில் பாதிக்கும் மேலான விசை ஒவ்வொரு கைடையும் அழுத்தும். பத்து கைடுகள் பகிர்ந்தால், ஒவ்வொன்றிலும் 9 பாகைதான். அழுத்தம் இழுவிசையில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தால் தடி அங்கே முறிவதுபோல் வளையும். மற்ற இடங்களில் வேலையே செய்யாது. கார்பன் தடிகள் உடைவதற்கு இப்படிப்பட்ட குவிப்பு ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு கணக்கும் இதோடு சேரும். தடி வளைந்து நிற்கிறது. இரு கைடுகளுக்கு இடையே நூல் நேராகப் போகிறது. வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் இடையிலான விலகல், இடைவெளியின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தடி 40 செ.மீ. ஆரத்தில் வளையும் இடத்தில், கைடுகளுக்கு இடையே 12 செ.மீ. விட்டால் விலகல் 4.5 மி.மீ. இடைவெளியை 24 செ.மீ. ஆக்கினால் விலகல் 18 மி.மீ. இடைவெளி இரு மடங்கு, விலகல் நான்கு மடங்கு. தடியின் மேற்பக்கம் கைடு வைக்கும் காஸ்டிங் தடியில் இந்த விலகலால் நூல் தடியின் மீதே உரசும். கீழ்ப்பக்கம் கைடு வைக்கும் ஸ்பின்னிங் தடியில் நூல் தடியை விட்டு விலகி நிற்கும். எனவே தடி அதிகம் வளையும் பகுதியில் கைடுகள் நெருங்கியும், குறைவாக வளையும் பகுதியில் தள்ளியும் நிற்க வேண்டும்.

நுனியில் ஒரு கிராம்

அப்படியானால் கைடுகளை நிறைய வைத்துவிடலாமே? அங்கேதான் இரண்டாவது கோரிக்கை குறுக்கே வருகிறது.

தடியைச் சுழற்றி எறியும்போது, ஒரு கைடின் நிறை எவ்வளவு என்பதோடு அது கையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் சேர்ந்து கணக்காகிறது. தொலைவு இருமடியாகச் சேரும். கையிலிருந்து 70 செ.மீ. தள்ளி உள்ள 1 கிராமைவிட, 2.3 மீட்டர் தள்ளி நுனியருகே உள்ள 1 கிராம் சுழற்சிக்கு ஏறத்தாழ 11 மடங்கு எதிர்ப்பைத் தருகிறது. ரீலருகே உள்ள கைடு கனமாக இருந்தாலும் கைக்குத் தெரியாது. நுனியருகே உள்ள சிறு பாரம் உடனே தெரியும்.

எறிந்தபின் தடி நிமிர்ந்து அடங்கும் விதமும் இதைப் பொறுத்ததே. ஒரு முனை நிலைத்த தடியின் இயல்பு அதிர்வெண், நுனியில் உணரப்படும் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். அந்த நிறை இரு மடங்கானால் அதிர்வெண் 30 விழுக்காடு அளவுக்குச் சரியும். தடி சோம்பலாக நிமிரும். நிமிர்ந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தில் நூல் கைடுகளில் அடிபட்டு வேகம் இழக்கும். மீன் இரையை லேசாகத் தொட்டதும் கைக்கு வரும் நடுக்கமும் மங்கிப்போகும்.

டைட்டானியம் சட்டங்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான் நியாயமாகிறது. எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7.9 கிராம், டைட்டானியத்துக்கு 4.5. உப்புக்காற்றில் துருவும் பிடிக்காது. கடலோரத்தில் பயன்படுத்தும் தடிக்கு இது பெரிய நன்மை. எல்லாக் கைடுகளுக்கும் டைட்டானியம் வாங்கப் பணம் போதவில்லை என்றால், நுனியிலிருந்து தொடங்கி முடிந்த வரை வாங்குங்கள். அங்கேதான் அது பலன் தரும். ஒற்றைக்கால் கைடுகளும் நுனிப் பகுதிக்கே உரியவை. அவற்றின் காலைத் தடியோடு கட்டும் நூலும் அதன்மேல் பூசும் எப்பாக்சிப் பசையும் பாதிதான் தேவை. தடியின் வளைவையும் அவை குறைவாகவே தடுக்கின்றன. ரீலருகே பெரிய கைடுகளுக்கு இரட்டைக்கால் உறுதி தரும்.

ஸ்பூலை விட்டுப் புறப்படும் சுருள்

ஸ்பின்னிங் ரீலிலிருந்து நூல் நேராக வருவதில்லை. ஸ்பூலின் விட்டம் 45 மி.மீ. என்றால் ஒரு சுற்று 14 செ.மீ. நீளம். இரை நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், ஸ்பூலிலிருந்து நொடிக்கு 200க்கும் மேற்பட்ட சுற்றுகள் கழல்கின்றன. நல்ல எறிதலுக்கு அந்த வேகம் இயல்பானதே. காற்றின் தடை இல்லாவிட்டால் அது இரையை 90 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோகும். அந்தத் தொடக்க நேரத்தில் ஸ்பூலின் விளிம்பில் சுழலும் நூலின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 4,000 மடங்கு. நூல் வெளிப்புறம் உப்பிப் பருத்துச் சுழல்வது இதனால்தான்.

இந்தச் சுருளை முதல் கைடு திடீரென்று ஒடுக்கினால், நூல் அதன் விளிம்பில் அறைந்து வேகம் இழக்கும். சிலவேளை கைடுச் சட்டத்தைச் சுற்றிச் சிக்கும். ஒடுக்காமலே விட்டால் சுருள் தடியெங்கும் அறைந்துகொண்டு போகும். எனவே உயரமான, விரிந்த முதல் கைடு. அடுத்து அதைவிடச் சிறியது, தாழ்ந்தது. பிறகு நூல் முழுவதும் அடங்கும் ஒரு சிறிய கைடு. தடி கட்டுநர்கள் இந்தச் சிறிய கைடைச் சோக் கைடு என்பார்கள். அதற்கு அப்பால் நுனிவரை எல்லாம் ஒரே சிறிய அளவில் இருக்கலாம். நூல் அதற்குள் நேராகிவிட்டது.

சோக் கைடின் இடத்தைக் காண ஒரு நல்ல வழி உண்டு. ரீலைத் தடியில் பொருத்துங்கள். ஸ்பூலின் நடு அச்சை நேர்கோடாக முன்னோக்கி நீட்டினால், அது தடியை ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடத்தில் சோக் கைடைக் குறியுங்கள். ஸ்பூலின் விட்டத்தை 27ஆல் பெருக்கி, ஸ்பூலிலிருந்து அந்தத் தொலைவில் குறிப்பவர்களும் உண்டு. 45 மி.மீ. ஸ்பூலுக்கு அது ஏறத்தாழ 1.2 மீட்டர். இரண்டுமே தொடக்கப் புள்ளிகள்தாம். ஸ்பூலின் மையத்துக்கும் சோக் கைடுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி, இடையில் வரும் கைடுகளின் வளைய மையம் அந்த நூலின் மீது விழும்படி உயரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வளையம் எதனால் ஆனது

முற்காலத்தில் அகேட் கல்லையும் எஃகையும் வளையமாகப் பயன்படுத்தினார்கள். இன்று அலுமினியம் ஆக்சைடு, சிர்கோனியா, சிலிக்கான் கார்பைடு ஆகிய பீங்கான்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. சிலிக்கான் கார்பைடு வளையங்களைத் தூண்டில் உலகில் பரப்பியதில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பீங்கான் ஏன்? கரையோரத்தில் நூல் ஈரத்தோடு மணலையும் சுமந்து வருகிறது. மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. அதைவிட மென்மையான உலோகத்தில் அது கோடு கிழிக்கும். அலுமினியம் ஆக்சைடின் கடினத்தன்மை 9. சிலிக்கான் கார்பைடு அதற்கும் மேல். மணலால் இவற்றைக் கீற முடியாது. பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நூல் பயன்படுத்துகிறவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. ஒருமுறை பள்ளம் விழுந்த வளையம், தன் வழியே ஓடும் ஒவ்வொரு மீட்டர் நூலையும் அறுத்துக்கொண்டே இருக்கும்.

வெப்பமும் உண்டு. முன் சொன்ன மீன் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால், நல்ல கைடுகளில் உராய்வால் பிறக்கும் வெப்பம் 17 வாட். தேய்ந்தவற்றில் ஏறத்தாழ 60 வாட். தங்கூஸ் எனப்படும் நைலான் நூல் 200 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். பிரெய்டு நூலின் பாலிஎத்திலீன் இழைகள் 150 பாகையளவிலேயே உருகிவிடும். வெப்பத்தை உடனே பரவவிடும் வளையம் நூலைக் காக்கும். இதில் சிலிக்கான் கார்பைடு முதலிடம். அலுமினியம் ஆக்சைடு அடுத்து. சிர்கோனியா வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். லேசான மீன்பிடிக்கு அலுமினியம் ஆக்சைடு தாராளமாகப் போதும். நீண்ட தூரம் ஓடும் பாறை, வஞ்சிரம் போன்ற மீன்களுக்குச் சிலிக்கான் கார்பைடே ஏற்றது.

சோக் கைடு முதல் நுனிவரை வரும் சிறிய கைடுகளின் அளவைத் தேர்வதற்கு ஒரே வரம்புதான்: பிரெய்டையும் அதன் முன் கட்டும் தடித்த லீடர் நூலையும் இணைக்கும் முடிச்சு தடையின்றிப் போக வேண்டும். அந்த முடிச்சைக் கட்டி, வளையத்தில் இழுத்துப் பார்த்து, தாராளமாகப் போகும் மிகச் சிறிய அளவை வாங்குங்கள்.

இடம் குறித்தல்

கார்பன் துணியை உருளையில் சுற்றித்தான் தடி செய்யப்படுகிறது. துணியின் ஓரங்கள் மேலேறும் இடத்தில் ஒரு பக்கம் சற்றே விறைப்பாக இருக்கும். கட்டுநர்கள் அதை ஸ்பைன் என்பார்கள். தடியை மேசைமேல் அழுத்தி வளைத்து உருட்டினால், ஓரிடத்தில் அது தானாகத் துள்ளித் திரும்பும், ஸ்பைன் தெரிந்துவிடும். ஆனால் கட்டிய தடி கையில் முறுக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஸ்பைன் காரணமல்ல. தடியின் மேற்பக்கம் கைடு இருந்தால், நூலின் இழுவை அதைக் கீழே புரட்டப் பார்க்கும். அது நிலையற்ற சமநிலை. கீழ்ப்பக்கம் இருந்தால் இழுவையே அதை நிலைநிறுத்தும். காஸ்டிங் தடியில் மேலே தொடங்கி, நுனிக்குப் போவதற்குள் கைடுகளைப் படிப்படியாகக் கீழ்ப்பக்கம் திருப்பிவிடும் சுருள் அமைப்பு, இந்தச் சிக்கலைத் தீர்க்கவே உருவானது. எனவே கைடு கட்டும் பக்கத்தை முடிவு செய்ய, ஸ்பைனை விட்டுவிட்டு, தடி பார்வைக்கு நேராக இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தாலும் குறையில்லை.

எண்ணிக்கைக்கு, தடி எத்தனை அடியோ அத்தனை கைடுகள், கூட ஒன்று என்று தொடங்கலாம். சோக் கைடைக் குறித்தபின், நுனியருகே 10 முதல் 12 செ.மீ. இடைவெளி விட்டு, கீழே வரவர இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முதல் பெரிய கைடை ஸ்பூலிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. தள்ளி வையுங்கள். எதையும் இப்போது நூலால் கட்ட வேண்டாம். எல்லாக் கைடுகளையும் டேப்பால் மட்டும் ஒட்டுங்கள்.

இனி அட்டவணையை மூடிவைத்துவிடலாம். கைப்பிடியைச் சாய்வாக இறுக்கிப் பொருத்தி, நூலை எல்லாக் கைடுகளிலும் கோத்து, அதன் முனையில் எடை கட்டுங்கள். தடி கால் வட்டமாக வளையும் வரை எடையைக் கூட்டுங்கள். பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுங்கள். படத்தில் ஒவ்வொரு கைடிலும் நூல் எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். ஒரு கைடில் மட்டும் நூல் கூர்மையாகத் திரும்பினால், பக்கத்துக் கைடுகளை அதை நோக்கி நகர்த்துங்கள். ஒரு கைடில் நூல் கிட்டத்தட்ட நேராகவே போனால், அந்தக் கைடு அங்கே வேலை செய்யவில்லை. தேவைப்படும் பக்கம் நகர்த்துங்கள். வேகமான தடி மேல் மூன்றில் ஒரு பங்கில் வளையும். மெதுவான தடி கைப்பிடிவரை வளையும். ஒரே நீளமுள்ள இரு தடிகளுக்கு ஒரே அட்டவணை பொருந்தாமல் போவது இங்கே கண்கூடாகத் தெரியும்.

அடுத்து எறிந்து பாருங்கள். திறந்த வெளியில், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நூலோடும் எடையோடும், அளவான வேகத்தில். முதல் கைடை இரண்டு மூன்று செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் பலமுறை எறிந்து தொலைவை ஒப்பிடுங்கள். காற்று மாறினால் ஒப்பீடு செல்லாது. தொலைவோடு ஓசையையும் கவனியுங்கள்: நூல் அறையும் சத்தம் குறையும் இடமே பெரும்பாலும் தொலைவும் கூடும் இடம்.

இவ்வளவும் முடிந்தபின் கட்டுவது எளிது. கைடின் கால் முனையை அரத்தால் மெல்லிய சரிவாகத் தேய்த்தால் கட்டும் நூல் படியின்றி அதன்மேல் ஏறும். கூர்முனை தடியைக் குத்தவும் செய்யாது. அந்த நூலை மிக இறுக்கக் கட்ட வேண்டாம். கட்டியபின்னும் கைடை விரலால் அழுத்தி நேராக்க முடிய வேண்டும். எப்பாக்சி பூசியபின், அது உறையும் வரை தடி மெதுவாகச் சுழல வேண்டும். இல்லையென்றால் ஒருபுறம் வழிந்து தொங்கும். பூச்சு மெலிதாக இருக்கட்டும். தடிப்பான பூச்சும் நுனியில் ஏறும் பாரம்தான்.

கட்டிய தடியையும் ஆண்டுக்கொருமுறை சோதியுங்கள். சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் சுழற்றித் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில்கூட இழை மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் அந்தக் கைடை அன்றே மாற்றுங்கள். புதிதாகத் தடி கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு மாலைப்பொழுதை டேப்புக்கும் எடைக்கும் ஒதுக்குங்கள். நூலும் எப்பாக்சியும் ஏறிய பிறகு ஒரு கைடை நகர்த்த வேண்டுமென்றால், அதை வெட்டியெடுத்துத் திரும்பவும் கட்டியாக வேண்டும். டேப்பில் இருக்கும்போது ஒரு நிமிடம் போதும்.